உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இந்த ஆண்டு வரவிருக்கும் தேர்வுகளும் போட்டிகளும்: சான்றிதழ்களை எப்போது தயார் செய்வது?

பாலக்கோட்டுக் குடியானவன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. இந்த ஆண்டு 8, 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்னென்ன தேர்வுகள், போட்டிகள், உதவித்தொகைகள் வரும் என்பதைத் தெரிந்தவர்கள் ஓரிடத்தில் எழுதி வைத்தால், அதை அப்படியே பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம் என்று எண்ணி இதைத் தொடங்குகிறேன்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் 9ஆம் வகுப்புப் படித்த ஒரு பெண் ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். அவளுடைய தந்தை பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். பிள்ளை பாட்டியின் பொறுப்பில் வளர்கிறாள். தேர்வு அறிவிப்பு பள்ளிக்கு வந்த பிறகுதான் வருமானச் சான்றுக்கு அலைய ஆரம்பித்தோம். கடைசி நாள் முடிந்து நான்காம் நாள் சான்று கைக்கு வந்தது. வகுப்பில் முதலிடத்தில் இருப்பவள் தேர்வு எழுதவில்லை, அவளைவிடப் பின்தங்கிய இருவர் எழுதினார்கள். அறிவிப்பைப் பார்த்த பிறகு ஓடுவது என்ற வழக்கத்தையே மாற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி.

பென்னாகரத்துக் கணக்கு டீச்சர்

ஐயா, மாற்ற முடியும். அறிவிப்புகள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான் வருகின்றன. தேதி மட்டுமே முன்பின்னாக மாறும். எனவே தேதிக்குக் காத்திராமல் ஆயத்தத்தைத் தொடங்கிவிடலாம். நான் எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உயர்நிலைப் பள்ளியில் கிடைக்கக்கூடிய பெரிய உதவித்தொகைகளுள் ஒன்று அந்த வகுப்பில்தான் இருக்கிறது.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை ஆசிரியர்கள் என்எம்எம்எஸ் என்றே சொல்வோம். அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 8ஆம் வகுப்புப் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாத மாணவர்கள் எழுதலாம். 7ஆம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கு வழங்கப்படும் இந்த உதவித்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 6,695 இடங்கள். தேர்ச்சி பெற்றால் 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று.

தேர்வு இரண்டு பகுதிகளாக நடக்கும். மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், படிப்பறிவுப் பகுதியில் 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவுப் பகுதியில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணக்குக்கு 20 வினாக்கள் வருவது வழக்கம். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது மனத்திறன் பகுதியில்தான். எண் தொடர், எழுத்துத் தொடர், கண்ணாடி பிம்பம், கனசதுரத்தின் பக்கங்கள், திசை அறிதல் போன்றவை பாடப்புத்தகத்தில் தொடர்ச்சியாக இல்லாதவை. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகூட முதல் முறை இவற்றைப் பார்க்கும்போது திகைத்து நிற்கும். ஆனால் நாள்தோறும் இருபது நிமிடம் வீதம் நான்கு மாதம் பழகினால் இதே பகுதியில்தான் மிக எளிதாக மதிப்பெண் ஏறும். நான் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் கிடைக்கும் இருபது நிமிடத்தை இதற்கு ஒதுக்குகிறேன். மாலை வகுப்பு வைத்தால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மலையோரப் பிள்ளைகள் வர முடிவதில்லை.

அரூர் ஆறுமுகம் அண்ணன்

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தேர்ச்சி பெற்றவுடன் பணம் தானாக வந்துகொண்டே இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறினால் அந்த ஆண்டுத் தொகை போய்விடும். என் மகன் 10ஆம் வகுப்பில் இருந்தபோது எங்களுக்கு அப்படித்தான் 12,000 ரூபாய் போயிற்று, அதில் பாதித் தவறு என்னுடையது. மேலும், 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் 60 விழுக்காடு பெற்றால்தான் 11ஆம் வகுப்பில் உதவித்தொகை தொடரும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இதிலும் 5 விழுக்காடு தளர்வு இருக்கிறது.

பாலக்கோட்டுக் குடியானவன்

நன்றி. ஊரகத் திறனாய்வுத் தேர்வு பற்றியும் யாராவது எழுதுங்கள். அதில் கிடைக்கும் தொகை மிகச் சிறியது, அதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார்.

பென்னாகரத்துக் கணக்கு டீச்சர்

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் உள்ள அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் 9ஆம் வகுப்புப் படிப்பவர்களுக்கான தேர்வு அது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,00,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு வருவாய்த் துறையின் சான்று கட்டாயம். ஒரு வருவாய் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என நூறு பேரைத் தேர்ந்தெடுத்து 12ஆம் வகுப்பு முடியும் வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய் தருகிறார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் நூறு ரூபாய்கூட இல்லை. ஆனாலும் நான் என் மாணவர்களை விடாமல் எழுதச் சொல்கிறேன். போட்டி மாவட்டத்துக்குள்ளேயே நடப்பதால் மலைக் கிராமத்துப் பிள்ளை சென்னையோடும் கோவையோடும் மோத வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தவறவிட்ட பிள்ளை ஓராண்டுக்குள் ஒரு வெற்றியைப் பார்க்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தேர்வு அறைக்குள் நுழையும் நடையே வேறாக இருக்கும்.

காரிமங்கலம் இ-சேவை

நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் கடைசி நேரக் கூட்டத்தை நேரில் பார்ப்பவன் நான்தான்.

வருமானச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம், செல்லுபடியாகும் காலம் ஓராண்டு. ஜூன் மாதத்தில் வாங்கி வைத்தால் அந்தக் கல்வியாண்டின் எல்லாத் தேர்வுகளுக்கும் அதையே பயன்படுத்தலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் செல்கிறது. இடையில் ஓர் ஆவணம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினால் மீண்டும் முதலிலிருந்து நாள் எண்ண வேண்டும்.

வெளியூரில் வேலை செய்யும் பெற்றோர் இருக்கும் வீடுகளில் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்றால், கேன் எண்ணோடு (இ-சேவையில் விண்ணப்பதாரருக்குத் தரப்படும் பதிவு எண்) பதிவான கைப்பேசி தந்தையிடம் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் அங்கே போகும். அவர் சாரத்தின் மேல் நின்று கலவை எடுத்துக்கொண்டிருப்பார். பாட்டி இங்கே என் கடையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ தந்தை வரும்போது, வீட்டில் எப்போதும் இருக்கும் எண்ணைப் பதிவில் மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பெயர். பள்ளிப் பதிவில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே இல்லை என்றிருந்தால் உதவித்தொகை விண்ணப்பம் எங்கேனும் ஓரிடத்தில் நின்றுவிடும். மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வங்கிக் கணக்கு மாணவரின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். 15 வயதில் ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பிக்க வேண்டும் என்பதால், 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

சித்தேரி மலைவாசி

பழங்குடியினர் சாதிச் சான்றுக்கு இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதைப் பலகையில் தனியாக எழுதுங்கள். அதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர் நிலை அலுவலர். நேரில் விசாரணை நடக்கும். எங்கள் மலையிலிருந்து அரூருக்கு இறங்கி ஏறுவதே ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். அந்தச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும் என்பதால் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேரும்போதே வாங்கிவிடுவது நல்லது.

மாரண்டஅள்ளி பி.இ.டி.

உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடும். அங்கே வென்றவர்கள் மாவட்ட அளவிலான குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுகளுக்குச் செல்வார்கள். இதற்குப் பள்ளியே பெயர் கொடுக்கும். முதலமைச்சர் கோப்பை அப்படி அன்று. 12 முதல் 19 வயது வரையுள்ள பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாவட்ட அளவில் தனிநபர் போட்டிகளில் முதல் பரிசு 3,000, இரண்டாம் பரிசு 2,000, மூன்றாம் பரிசு 1,000 ரூபாய். மாநில அளவில் முதலிடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். பதிவு செய்யாமல் மைதானத்துக்கு வந்து நிற்கும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது எனக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் வேதனை. வயதுச் சான்றுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகலும் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட படிவமும் கையில் இருக்கட்டும்.

தகடூர்த் தமிழையா

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். பேச்சு, கட்டுரைப் போட்டிகளை யாரும் இதுவரை குறிப்பிடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

1967ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த நாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ளோருக்கு மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்தி, முதல் மூன்று இடங்களுக்கு 10,000, 7,000, 5,000 ரூபாய் வழங்கி வருகிறது. பள்ளி திறந்த சூட்டிலேயே வருவதால் பல பள்ளிகளில் இது கண்ணில் படாமலே கடந்துபோகிறது. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் ஆகியோரின் பிறந்த நாள்களை ஒட்டித் தனித்தனிப் பேச்சுப் போட்டிகளும் உண்டு. அவற்றில் 5,000, 3,000, 2,000 ரூபாய்ப் பரிசுகளோடு, அரசுப் பள்ளி மாணவர் இருவருக்கு மட்டும் 2,000 ரூபாய் வீதம் சிறப்புப் பரிசு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நடுவராகப் பலமுறை அமர்ந்திருக்கிறேன். பத்துப் பிள்ளைகள் பேசினால் எட்டுப் பேர் அதே உரையை அதே கையசைவோடு ஒப்பிப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் ஒருவரே என்பது மூன்றாம் பிள்ளையிலேயே தெரிந்துவிடும். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு வெளியிலிருந்து செய்தி கடன் வாங்க வேண்டிய தேவை என்ன? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் நம் தருமபுரிதான். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்தவற்றின் காலத்தை ஆராய்ந்து, இரும்பின் பயன்பாடு பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று 2022இல் அறிவித்தார்கள். தமிழ்நாடு நாள் மேடையில் ஒரு பிள்ளை இதைத் தன் சொற்களில் சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை இரண்டாம் பரிசு பெற்றது, முதல் பரிசு தரலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

பாலக்கோட்டுக் குடியானவன்

ஐயா, ஜூலை 18 என்றால் ஒரு மாதம்கூட இல்லை. நாளையே தலைமையாசிரியரிடம் சொல்கிறேன்.

அறிவியல் பக்கம் என்ன இருக்கிறது?

பென்னாகரத்துக் கணக்கு டீச்சர்

இன்ஸ்பயர் மானக் விருதைத்தான் முதலில் சொல்வேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம் அது. ஒரு பள்ளியிலிருந்து ஐந்து மாணவர்களின் யோசனைகளை ஆசிரியர் இணையத்தில் பதிவேற்றலாம். தேர்வானால் மாதிரி செய்வதற்காக மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். பின்னர் மாவட்டக் கண்காட்சி, மாநிலக் கண்காட்சி என்று நீளும். கவனியுங்கள், பதிவு செய்யும்போது பொருளைச் செய்து காட்ட வேண்டியதில்லை, யோசனை போதும். காற்றாலை மாதிரி, எரிமலை மாதிரி என்று புத்தகத்தைப் பார்த்துச் செய்பவை இங்கே எடுபடா. புளியை உடைத்துக் கொட்டை எடுக்கும் பாட்டிமாரின் விரல் நோவை அன்றாடம் பார்க்கும் பிள்ளைக்கும், தக்காளிப் பெட்டியில் அடித்தட்டுக் காய் நசுங்குவதைப் பாலக்கோட்டுச் சந்தையில் பார்க்கும் பிள்ளைக்கும் யோசனை வராமலா போகும்? கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். இங்கும் வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளையின் பெயரைக் கடைசி நேரத்தில் நீக்க நேர்ந்திருக்கிறது.

கலைத் திருவிழாவைப் பற்றிப் பள்ளியே அறிவிக்கும் என்பதால் நான் நீட்டவில்லை.

ஊத்தங்கரை முன்னாள் மாணவி

உங்கள் பள்ளி உயர்நிலைப் பள்ளி என்பதால் 10ஆம் வகுப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பல வாய்ப்புகள் நிலைக்கும் அல்லது நழுவும். இதை நான் அனுபவித்தே அறிந்தேன்.

10ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றேன். ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து, கட்டணமில்லாமல் 11ஆம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். எதை இழந்தேன் என்பது பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. என்எம்எம்எஸ் தொகை அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் தொடர்ந்தால் மட்டுமே கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு 24,000 ரூபாய் போயிற்று. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அதுவும் போயிற்று. உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் பள்ளிப் படிப்பின் அந்த நிபந்தனை இருக்கிறது. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு என்று கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இதே கணக்குதான்.

கட்டணமில்லை என்று சொன்னவர்கள் விடுதிக்கும் சீருடைக்கும் வாங்கியதை நான் இங்கே எழுதவில்லை.

அரூர் ஆறுமுகம் அண்ணன்

தங்கச்சி சொல்வது உண்மை என்றாலும் மறுபக்கமும் இருக்கிறது. என் மகன் சேர்ந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியலுக்கு ஒன்றரை ஆண்டு நிரந்தர ஆசிரியர் இல்லை. உள் ஒதுக்கீடு இருந்து என்ன, பாடம் நடந்தால்தானே மதிப்பெண் வரும்? எல்லாரும் அரசுப் பள்ளியிலேயே தொடர வேண்டும் என்று பலகையில் எழுதிவிட்டால் நாளை நம்மைத்தான் கேட்பார்கள்.

ஊத்தங்கரை முன்னாள் மாணவி

அண்ணா, தொடர வேண்டும் என்று கட்டளையிடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் நாளில் எந்தெந்த வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறோம் என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தெரிந்தே போயிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. அதோடு, ஆசிரியர் இருக்கிறாரா என்பதைச் சேர்வதற்கு முன் போய்ப் பார்த்துவிடலாமே. பர்கூரிலும் தருமபுரியிலும் அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தொலைவு பலருக்கு.

இன்னொன்று, 11ஆம் வகுப்பில் சேர்ந்ததும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு வரும். பெரும்பாலும் அக்டோபரில் நடந்து வந்திருக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு தருகிறார்கள். அதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. வினாக்கள் 10ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் வரும். பொதுத்தேர்வு முடிந்ததும் எங்கள் வீட்டில் தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து அதே புத்தகத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன்.

தேன்கனிக்கோட்டை வாசகர்

எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் மிகுதி. தமிழ்த் திறனறித் தேர்வு தமக்கானது அன்று என்று அவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். பத்தாண்டாகத் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இலக்கணம் வீட்டுமொழியாளரைவிடச் சுத்தமாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள் அவர்களையும் பெயர் சொல்லி அழைத்து எழுதச் சொல்ல வேண்டும்.

முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் தொடங்கிய அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது. 500 மாணவர், 500 மாணவியர் என ஆயிரம் பேருக்கு இளநிலைப் பட்டம் முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய பாடங்களை ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நன்றாகப் படித்திருந்தால் தனிப் பயிற்சி அதிகம் வேண்டாம்.

பாலக்கோட்டுக் குடியானவன்

எல்லாவற்றையும் படித்துவிட்டு இன்று மாலை தலைமையாசிரியரைப் பார்த்தேன். இரண்டு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு 8, 9, 10ஆம் வகுப்புப் பெற்றோர் அனைவரையும் அழைத்து, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பது. பெற்றோர் வெளியூரில் உள்ள பிள்ளைகளின் பட்டியலைத் தனியாக எடுத்து, அவர்களுக்கு வருமானச் சான்றை ஜூலைக்குள் வாங்கித் தருவதைக் குழுவே பொறுப்பேற்பது. முதல் கணக்கிலேயே பத்தொன்பது பிள்ளைகள் அந்தப் பட்டியலில் வந்துவிட்டார்கள். இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

10ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை மட்டும் விடைபெறும் மாணவர்களிடமிருந்து திரும்ப வாங்கி நூலகத்தில் வைத்து, வேறு பள்ளிக்குப் போன பிறகும் அக்டோபர் வரை இரவல் கொடுக்கலாம் என்று தமிழாசிரியை சொன்னார்.

காரிமங்கலம் அண்ணே, பத்தொன்பது பேரையும் ஒரே நாளில் கூட்டி வந்தால் உங்கள் மையத்தில் சமாளிக்க முடியுமா?

காரிமங்கலம் இ-சேவை

ஒரே நாளில் வேண்டாம், சர்வர் நின்றால் பாட்டிமார் எல்லாரும் பட்டினியாக உட்கார வேண்டி வரும். ஒரு நாளைக்கு ஐந்து பேராகக் காலை பத்து மணிக்கு அனுப்புங்கள். குடும்ப அட்டை, தந்தையின் ஆதார் நகல், பிள்ளையின் புகைப்படம் ஆகியவற்றோடு வரட்டும். தந்தை அன்று கைப்பேசியை அணைத்து வைக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.